ஆத்துல சாரிட்டி கனூ, கயாக் ரேஸ்: கடைசி போட்டை வச்சு நான் போட்ட மார்க்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேர் மார்க்கை பாத்துட்டு தான் மேல படிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க. இது ஆத்துல நடக்குற அமெச்சூர் ரேஸ், கனூவும் கொண்டு வரலாம் கயாக்கும் கொண்டு வரலாம் (ரெண்டுமே துடுப்பு வலிச்சு ஓட்டுற சின்ன போட்டு தான்), சேர்ற காசு ஒரு நல்ல காரியத்துக்கு போகுது. புரொஃபஷனல் யாரும் கிடையாது, வாரம் பூரா ஆபீஸ்ல உக்காந்துட்டு லீவு நாள்ல துடுப்பு பிடிக்கிறவங்க, காலேஜ் பசங்க, ரிட்டையர் ஆனவங்க, அப்பா பொண்ணு, புருஷன் பொண்டாட்டின்னு கலந்து கட்டி வர்ற கூட்டம். தூரம் இருபது கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. நடுவுல ஒரு தடுப்பணை, அங்க போட்டை கரையேத்தி தூக்கிட்டு நடந்து அந்தப் பக்கம் திரும்ப இறக்கணும், இதைத் தான் போர்ட்டேஜ்னு சொல்லுவாங்க. நானும் தம்பியும் டபுள்ஸ் கயாக்ல போனோம்.

இந்த மாதிரி ரேஸை எடை போட எனக்கு ஒரே அளவுகோல் தான். முதல்ல வர்றவங்களை எல்லா ரேஸும் நல்லா கவனிக்கும், கேமரா இருக்கும், கைதட்டல் இருக்கும், மைக்ல பேர் சொல்லுவாங்க. கடைசில வர்ற போட்டை எப்படி நடத்துறாங்கன்னு பாருங்க, அந்த ரேஸ் யாருக்காக நடக்குதுன்னு தெரிஞ்சிடும். சாரிட்டி ரேஸ்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா இங்க வர்ற பாதிப் பேருக்கு ஜெயிக்கிறது கணக்குலயே இல்ல, முடிக்கணும் அவ்வளவு தான், அவங்களை நம்பி பணம் போட்ட சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் "எத்தனாவதா வந்தே"ன்னு கேக்க மாட்டாங்க, "முடிச்சியா"ன்னு தான் கேப்பாங்க.

காசுக்கும் துடுப்புக்கும் உள்ள இந்த சம்பந்தம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. இங்கிலாந்துல டிவைசஸ்ங்கற ஊர்ல இருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரைக்கும் ஈஸ்டர் சமயத்துல ஒரு பெரிய ரேஸ் நடக்குது, 125 மைல், அதாவது கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், வழில 77 போர்ட்டேஜ். அது எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாத்தா, 1948 ஈஸ்டர்ல அந்த ஊர் சாரணர் பசங்க நாலு பேர் 100 மணி நேரத்துக்குள்ள போட்லயே லண்டன் போய்ச் சேர்ந்தா சாரணர் நிதிக்கு பணம் தர்றோம்னு ஊர்க்காரங்க சொல்லியிருக்காங்க, சாப்பாடு சாமான் எல்லாம் போட்லயே கொண்டு போகணும்னு கண்டிஷன், பசங்க 90 மணி நேரம் ஆகுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே போய் சேர்ந்துட்டாங்க. யாரையும் முந்தணும்னு அன்னைக்கு யாரும் கேக்கல, போய் சேரணும்னு தான் பேச்சு. நம்ம ஊரு, அடுத்த ஊரு, எங்க நடக்குற சாரிட்டி ரேஸா இருந்தாலும் அந்தப் பேச்சு மாறக்கூடாதுங்கறது என் எண்ணம்.

சரி, ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து வர்றேன். ஃபார்ம் நல்லா இருந்துச்சு. நீச்சல் தெரியுமா, போட்டு கவுந்து வெளிய வந்து பழக்கம் இருக்கா, என்ன மருந்து சாப்பிடுறீங்க, உங்க போட்டா வாடகை போட்டா, எல்லாம் கேட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது காசு விஷயம். கலந்துக்குற கட்டணம் தனி, நன்கொடை தனின்னு முதல் பக்கத்துலயே எழுதியிருந்தாங்க. கட்டணம் ரேஸ் நடத்துற செலவுக்கு, இன்ஷூரன்ஸ், ஆம்புலன்ஸ், பாதுகாப்பு போட்டு இதுக்கெல்லாம். நீங்க நாலு பேர்கிட்ட கேட்டு சேக்குற பணம் நேரா அந்த அறக்கட்டளை கணக்குக்கே போகுது, ரேஸ் நடத்துறவங்க கை வழியா போறதே இல்ல. இது சாதாரணமா தெரியலாம், ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பி "எல்லாம் நல்ல காரியத்துக்கு தான்"னு வாய் வார்த்தையா முடிச்சிடுற ரேஸ் நிறைய இருக்கு. பணம் கொடுக்குறவங்க கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே பதில் எழுதி வச்சிருக்கறது தான் மரியாதை. ரேஸ் முடிஞ்சப்புறம் மொத்தம் எவ்வளவு சேந்துச்சு, செலவு எவ்வளவுன்னு மெயில் வந்துச்சு, அதுக்கு ஒரு தனி சபாஷ்.

அடுத்து போட்டு வகை. கனூன்னா மேல தொறந்திருக்கும், முட்டி போட்டோ பலகைல உக்காந்தோ ஒத்தை இலை துடுப்பால ஒரு பக்கமா வலிக்கணும். கயாக்னா காலை நீட்டி உக்காந்து ரெண்டு பக்கமும் இலை இருக்குற துடுப்பால மாத்தி மாத்தி வலிக்கணும். ரெண்டையும் ஒரே கணக்குல போட்டு ரேஸ் விட்டா நியாயமே இருக்காது. அதை விட பெரிய விஷயம் நீளம். தண்ணில போற போட்டுக்கு அதோட நீளம் ஒரு வேலி மாதிரி, 3 மீட்டர் பிளாஸ்டிக் கயாக் மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் தொடுறதுக்குள்ள தான் கிளப்புற அலைலயே மாட்டிக்கும், அப்புறம் எவ்வளவு உயிரைக் கொடுத்து வலிச்சாலும் மூச்சு தான் வாங்கும், ஸ்பீடு ஏறாது. ஒத்தை ஆள் ரேஸிங் கயாக் 5.2 மீட்டர், அந்த வேலியே அதுக்கு 10 கிலோமீட்டருக்கு மேல தான் ஆரம்பிக்குது, போதாக்குறைக்கு அது ஒல்லியா இருக்கறதால வேலியைத் தாண்டியும் போகும். ஆகவே வாடகை கயாக்ல வந்த ஆளையும் சொந்தமா கார்பன் ஃபைபர் ரேஸிங் கயாக் வச்சிருக்கற ஆளையும் ஒரே லிஸ்ட்ல போட்டா அது ஆள் ரேஸ் இல்ல, பர்ஸ் ரேஸ். இவங்க நீளத்தை வச்சும் ஆள் எண்ணிக்கையை வச்சும் தனித்தனி பிரிவு வச்சிருந்தாங்க, வாடகை போட்டுக்குன்னே ஒரு பிரிவு. அருமை.

வாடகை போட்டுகளோட நிலைமை தான் கொஞ்சம் சுமார். கால் மிதி ரெண்டு மூணு போட்ல ஆடிட்டு இருந்துச்சு. கயாக்ல கால் மிதி இல்லன்னா வலிக்கிற பலம் எங்க போய் முட்டும் சொல்லுங்க, கை மட்டும் தான் வேலை செய்யும், முதுகும் இடுப்பும் சும்மா இருக்கும், பாதி தூரத்துலயே தோள்பட்டை போயிடும். துடுப்பும் எல்லாருக்கும் ஒரே நீளம், குள்ளமா இருக்கறவங்களும் நெட்டையா இருக்கறவங்களும் அதையே பிடிச்சாங்க. அரை ஸ்டார் இங்க போச்சு.

ஆனா சாமான் செக்கிங், சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு பொறுப்பா நான் வேற எங்கயும் பாத்ததில்ல. கரைல ஒரு மேஜை, பக்கத்துல ஒரு பொண்ணு, கல்லூரி படிக்கிற வயசு தான் இருக்கும். "அண்ணா, ரெண்டு கையும் மேல தூக்குங்க"ன்னு சொல்லி என் லைஃப் ஜாக்கெட்டோட தோள் பட்டை ரெண்டையும் கட்டை விரலை விட்டு பிடிச்சு மேல இழுத்தாங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா ஃபெயில். பக்கவாட்டு வாரை இறுக்கி விட்டு திரும்ப இழுத்தாங்க, அசையல, அப்புறம் தான் நம்பர் துணியைக் கொடுத்தாங்க. வரிசைல ஒவ்வொருத்தருக்கும் இதே மாதிரி, யாருக்கும் சலுகை இல்ல, ரேஸிங் போட்டு வச்சிருந்த ஒரு சீனியர் "எனக்குத் தெரியும்மா"ன்னு சொன்னதுக்கு "தெரியும்ண்ணா, இருந்தாலும் கை தூக்குங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு இழுத்தே பாத்தாங்க.

ஜாக்கெட்ல 50 நியூட்டன்னு எழுதியிருக்கும். அது சுமார் 5 கிலோ எடையை மேல தாங்குற விசை. எழுபது கிலோ ஆளுக்கு 5 கிலோ எப்படி போதும்னு தம்பி கேட்டான். தண்ணிக்குள்ள உடம்போட பெரும்பங்கை தண்ணியே தாங்கிடும், வாயும் மூக்கும் வெளிய இருக்கறதுக்கு வேண்டிய மிச்சத்தை தான் ஜாக்கெட் கொடுக்குது. ஆனா ஒண்ணு, 50 நியூட்டன் ஜாக்கெட் நீச்சல் தெரிஞ்சவங்களுக்கானது, மயங்கிட்டா குப்புற கிடக்குறவங்களை மல்லாக்க திருப்பி விடாது. நீச்சலே தெரியாதவங்களை இந்த ரேஸ்ல சேக்காததுக்கு காரணம் அது தான், அதைப் பத்தி கோவப்பட்டு எழுதியிருந்த ஒருத்தரோட ரிவியூவை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அடுத்தது போட்டோட முன்னாடி பின்னாடி முனைல காத்துப் பை இருக்கான்னு பாத்தாங்க. ஒரு பழைய கனூல இல்ல. இறக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு பேரும் முகம் வாடிப் போய் நின்னாங்க, நானா இருந்தா அழுதிருப்பேன், மாசக்கணக்கா சொந்த பந்தம்கிட்ட காசு சேத்துட்டு வந்திருப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு வாலண்டியர் உபரி காத்துப் பை ரெண்டு கொண்டு வந்து ஊதி, உள்ள திணிச்சு, குறுக்க கயிறு போட்டு கட்டி விட்டாரு. இது தான் நடத்துற விதம். விதியையும் விடல, ஆளையும் விடல. காத்துப் பை எதுக்குன்னா, கனூ கவுந்து தண்ணி நிரம்புச்சுன்னா லிட்டருக்கு ஒரு கிலோன்னு நூத்துக்கணக்கான கிலோ சேந்துடும், அந்தக் கனத்தோட நீரோட்டம் தள்ளிட்டு வரும்போது போட்டுக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு கால் மாட்டுனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அதனால தான் கவுந்தா எப்பவும் போட்டுக்கு மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கம் இருக்கணும்னு சொல்லுவாங்க.

பிரீஃபிங், அதாவது தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு சொல்ற பாதுகாப்பு பேச்சு, அந்த விஷயத்துல எனக்கு பாதி சந்தோஷம் பாதி வருத்தம். சொன்ன விஷயம் எல்லாம் தங்கம். மைக் தான் மோசம், பின்னாடி நின்னவங்களுக்கு பாதி கேக்கல. முன்னாடி நின்னதால எனக்கு கேட்டுச்சு, கேட்டதை இங்க எழுதுறேன், எந்த ஆத்துல இறங்குறவங்களுக்கும் உதவும்.

தடுப்பணை பாக்க சாதுவா இருக்கும், உயரமும் இருக்காது, ஒரே சீரா தண்ணி விழும், சத்தம் கூட இதமா இருக்கும். ஆபத்தே அது தான். விழுற தண்ணி அடிக்குப் போய் கொஞ்ச தூரம் தள்ளி மேல வருது, மேல வந்ததுல ஒரு பகுதி திரும்ப சுவரைப் பாத்து பின்னாடியே ஓடுது. அந்த வளையத்துக்குள்ள ஒரு மரக்கட்டை மாட்டுனா நாள் பூரா சுத்திக்கிட்டே கிடக்கும். ஆளுக்கும் அதே கதி, நல்ல நீச்சல்காரனா இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளிய வர்றது ரொம்ப கஷ்டம், இங்கிலீஷ்ல இதுக்கு மூழ்கடிக்கிற மெஷின்னு அர்த்தம் வர்ற பேரே இருக்கு. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்மாளுங்க சொன்னது ஆழத்துக்கு மட்டும் இல்ல.

ரெண்டாவது, கரை ஓரமா விழுந்து கிடக்குற மரம். தண்ணி கிளை வழியா புகுந்து போயிடும், ஆளும் போட்டும் போகாது, சல்லடைல நிக்கிற மாதிரி நிக்கும், பின்னாடி இருந்து ஆறு மொத்தமும் அழுத்தும். மூணாவது, வேகமா ஓடுற தண்ணில விழுந்தா எந்திரிச்சு நிக்கப் பாக்காதீங்க. முட்டிக்கு மேல ஓட்டம் இருந்தா பாதம் கல் இடுக்குல சிக்கி தண்ணி உங்களை முன்னாடி சாச்சிடும். மல்லாக்க படுத்து காலை முன்னாடி நீட்டி, பாதம் தண்ணிக்கு மேல தெரியுற மாதிரி மிதந்து போய் அமைதியான இடத்துல கரைக்கு நீந்துங்க. தண்ணி ஜில்லுன்னு இருந்தா விழுந்த உடனே மூச்சு தாறுமாறா இழுக்கும், பயந்து நீந்த ஆரம்பிக்காம முதல் ஒரு நிமிஷம் மூச்சை மட்டும் நிதானத்துக்கு கொண்டு வாங்க. கனடா மனிடோபா யுனிவர்சிட்டி பேராசிரியர் கார்டன் கீஸ்ப்ரெக்ட் இதை 1-10-1ன்னு சொல்லிக் கொடுக்குறாரு, உறையுற குளிர்ல மூச்சை அடக்க ஒரு நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்குறது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். குளிர்ல செத்துப் போயிடுவோம்னு பதறி முதல் நிமிஷத்துலயே தண்ணி குடிச்சு மூழ்குறவங்க தான் நிறையன்னு கேட்டப்போ எனக்கே புதுசா இருந்துச்சு.

இவ்வளவு முக்கியமான விஷயத்தை பாதி கூட்டத்துக்கு கேக்காம சொன்னது தப்பு. ஒரு நல்ல ஸ்பீக்கர், இல்லன்னா கூட்டத்தை மூணா பிரிச்சு மூணு பேர் சொல்லியிருக்கலாம். இங்க ஒரு கால் ஸ்டார் குறைச்சேன்.

ஸ்டார்ட் எப்படி விடுறாங்கங்கறது தான் ரேஸோட ஜாதகம்னு நினைக்கிறேன். பெரும்பாலான இடத்துல வேகமான போட்டை முதல்ல விடுவாங்க, பின்னாடி வர்றவங்களை யாரும் தொந்தரவு பண்ண வேண்டியது இல்ல, நடத்துறவங்களுக்கு சுலபம். ஆனா என்ன ஆகும், முன்னாடி போறவங்க இன்னும் முன்னாடி போவாங்க, பின்னாடி வர்றவங்க இன்னும் பின்னாடி தனியா கிடப்பாங்க, ஆறு நீளமா ஆயிட்டே போகும், பாதுகாப்பு போட்டுக எல்லா இடத்துலயும் இருக்க முடியாது. இவங்க மெதுவா போற வாடகை போட்டுகளையும் கனூக்களையும் முதல்ல விட்டாங்க, அப்புறம் இடைவெளி விட்டு டபுள்ஸ், கடைசியா ரேஸிங் கயாக். அதனால கூட்டம் முழுக்க ஓரளவு ஒண்ணாவே நகர்ந்துச்சு, பினிஷ்லயும் எல்லாரும் கிட்டக்கிட்ட வந்தாங்க. முந்துறவங்க தான் ஒதுங்கிப் போகணும், முன்னாடி போறவங்க அவங்க வழியிலயே போகலாம்னு விதி, அதைப் பிரீஃபிங்ல ரெண்டு தரம் சொன்னாங்க. ஒரு குறுகலான வளைவுல மட்டும் கொஞ்சம் நெரிசல், துடுப்போட துடுப்பு இடிச்சுது, யாரும் கவுந்ததா நான் பாக்கல.

ஆத்துல ரேஸ் விடுறது ஏரில விடுற மாதிரி இல்லைங்க, இங்க தண்ணியை படிக்கணும். வளைவுல வெளிப்பக்கம் ஆழமும் இருக்கும் ஓட்டமும் இருக்கும், உள்பக்கம் மணல் சேந்து மேடா இருக்கும், தூரம் கம்மின்னு உள்பக்கமா வெட்டுனா ஆழம் குறைஞ்ச இடத்துல போட்டு பின்னாடி சப்புன்னு உக்காந்துடும், வெல்லப்பாகுக்குள்ள வலிக்கிற மாதிரி இருக்கும். அதே நேரம் ரொம்ப வெளிய போனா கரை மரத்துல போய் செருகும். நடுவுக்கும் வெளிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு பட்டையை பிடிச்சா போட்டு தானா ஓடும். இன்னொரு வித்தை, பக்கத்து போட்டு கிளப்புற அலைல உங்க முன் முனையை வச்சு ஒட்டிக்கிட்டே போறது, அலை தள்ளி விடும், உங்களுக்கு பலம் மிச்சம். கயாக் மராத்தான் ஓட்டுறவங்க எல்லாரும் பண்ணுவாங்க, இது ஏமாத்து வேலை இல்ல. ஒரு நீளமான கனூ பக்கத்துல நாங்க அப்படி ஒட்டிக்கிட்டே ரொம்ப தூரம் போனோம், அந்த ரெண்டு பேரும் கோவிச்சுக்கல, "அடுத்த வளைவுல இருந்து நீங்க முன்னாடி வாங்க"ன்னு சொன்னாங்க, மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டு போனோம். பேரு கூட கேக்கல, ஆனா அந்த தூரம் பூரா ஒரே மூச்சு ஒரே தாளம்.

தடுப்பணைக்கு வர்றேன். அரை கிலோமீட்டர் முன்னாடி இருந்தே பெரிய மஞ்சள் போர்டு, அப்புறம் இன்னொரு போர்டு, அப்புறம் ஆத்துக்கு குறுக்க சாய்வா மிதவை கட்டுன கயிறு. சாய்வா கட்டுனது தான் புத்திசாலித்தனம், குறுக்க நேரா கட்டியிருந்தா அதுல போய் மோதி நிப்போம், சாய்வா இருக்கறதால ஓட்டமே நம்மளை கரைக்கு வழுக்கிட்டு போய் விடுது. கரைல சறுக்காத விரிப்பு போட்டிருந்தாங்க. முட்டி அளவு தண்ணில ரெண்டு பேர் நின்னு வர்ற ஒவ்வொரு போட்டோட முன் முனையையும் பிடிச்சு "இறங்குங்க, அவசரம் இல்ல, முதல்ல பின்னாடி இருக்கறவரு"ன்னு சொல்லி சொல்லி இறக்குனாங்க. அணைக்கு கீழ்ப்பக்கம் கரைல ரெண்டு பக்கமும் கயிறுப் பை வச்சுக்கிட்டு ஆளுங்க, தண்ணில ஒரு பாதுகாப்பு கயாக். கயிறுப் பைன்னா மிதக்குற கயிறு உள்ள சுருட்டி வச்ச பை, விழுந்தவங்களை நோக்கி வீசுனா கயிறு அவிழ்ந்துக்கிட்டே போகும். கயிறை கைல சுத்திக்காதீங்க, நெஞ்சோட பிடிச்சு மல்லாக்க படுங்கன்னு பிரீஃபிங்லயே சொல்லிட்டாங்க.

டபுள்ஸ் பிளாஸ்டிக் கயாக் முப்பது கிலோவுக்கு மேல இருக்கும், நனைஞ்ச காலோட மேடு ஏறும்போது அது அறுபது மாதிரி தெரியும். நாங்க தூக்கிட்டு போனோம். முடியாதவங்களுக்கு வாலண்டியர்களே தூக்கிட்டு வந்து கொடுத்தாங்க. இதை சில பேர் ஒத்துக்க மாட்டாங்க, வெளி ஆள் உதவி வாங்குனா ரேஸ் என்னாத்துக்குன்னு கேப்பாங்க. முதல் மூணு இடத்துக்கு போட்டி போடுறவங்களுக்கு வேணும்னா அந்த விதியை வச்சுக்கட்டும். முட்டி வலியோட வந்து நாலு குழந்தைங்க வைத்தியத்துக்காக துடுப்பு வலிக்கிறவங்களை படில ஏத்தி இறக்கி பரிட்சை வைக்க வேண்டிய அவசியம் என்ன?

இப்ப கடைசி போட்டு. நாங்க நடு கூட்டத்துல முடிச்சுட்டு, போட்டை கரைல வச்சுட்டு, வேணும்னே காத்திருந்தோம், எனக்கு அதைத் தான் பாக்கணும். அமெரிக்கால மிசௌரி ஆத்துல 340 மைலுக்கு ஒரு ரேஸ் இருக்கு, 2006ல ஆரம்பிச்சது, கான்சஸ் சிட்டில இருந்து செயின்ட் சார்ல்ஸ் வரைக்கும். அங்க கெடு நேரத்துக்கு ஏத்த வேகத்துல பின்னாடியே ஒரு பாதுகாப்பு போட்டு வரும், அதுக்கு பேரே எமன்ங்கற அர்த்தத்துல தான் வச்சிருக்காங்க, அது உங்களைத் தாண்டிட்டா உங்க ரேஸ் முடிஞ்சுது. அவ்வளவு பெரிய ஆத்துல, ராத்திரியும் பகலும் வலிக்கிற ரேஸுக்கு அது சரி, எல்லாருக்கும் தெரிஞ்சே தான் இறங்குறாங்க. சின்ன சாரிட்டி ரேஸுக்கு அந்த முரட்டுத்தனம் வேண்டியதே இல்ல. இவங்களும் கெடு வச்சிருந்தாங்க, தடுப்பணைக்கு இத்தனை மணிக்குள்ள வரணும்னு ஃபார்ம்லயே போட்டிருந்தாங்க, அதுக்குள்ள வராதவங்களை போட்டோட சேத்து வண்டில ஏத்தி பினிஷுக்கு கொண்டு வந்தாங்க, அவங்களுக்கும் மெடல் உண்டு, ரிசல்ட்ல தடுப்பணை வரைக்கும்னு பேர் உண்டு. காணாம போன மாதிரி விடல.

கடைசி போட்டு ஒரு கனூ, முன்னாடி நரைச்ச தலையோட ஒரு அம்மா, பின்னாடி அவங்க பொண்ணு, நாப்பது வயசு இருக்கும். பின்னாடி காவலுக்கு ரெண்டு கயாக். கவனிச்சுப் பாத்தேன், அந்த ரெண்டு கயாக்கும் கனூவை ஒட்டி வரல, ரெண்டு மூணு போட்டு நீளம் தள்ளியே வந்துச்சு. முதுகுல மூச்சு விடுற மாதிரி ஒருத்தர் ஒட்டிக்கிட்டே வந்தா களைச்சவங்களுக்கு எவ்வளவு அவமானமா இருக்கும், அது தெரிஞ்சு தள்ளி வந்திருக்காங்க. கடைசி வளைவுல கனூ குறுக்க திரும்பிக்கிச்சு, அந்த அம்மா துடுப்பை மடில வச்சுட்டாங்க. கயாக்ல இருந்தவரு கிட்ட வந்து "அம்மா, அவசரமே இல்ல, தண்ணி குடிங்க, போட்டை ஆறு பாத்துக்கும்"னு சொன்னது கரைல எங்களுக்கே கேட்டுச்சு. தொட்டு இழுக்கல, கயிறு கட்டல. ரெண்டு நிமிஷம் சும்மா மிதந்துட்டு அவங்களே முனையைத் திருப்பி வலிச்சு வந்தாங்க.

பினிஷ்ல கட்டியிருந்த ஆர்ச் இன்னும் நின்னுச்சு, கடிகாரம் ஓடிட்டு இருந்துச்சு, மைக் பிடிச்சிருந்தவர் ரெண்டு பேர் பேரையும் அவங்க எந்த காரணத்துக்காக காசு சேத்தாங்கன்னும் சொன்னாரு, முதல் ஆளுக்கு சொன்ன அதே குரல்ல. நாலு ஸ்டார்ல மூணு ஸ்டார் இதுக்கே.

இப்ப குறை. ஆத்து ரேஸ்ல ஸ்டார்ட் ஒரு இடம், பினிஷ் வேற இடம், வண்டி எங்க நிக்கும்ங்கறது தான் பெரிய தலைவலி. இவங்க வண்டியை ஸ்டார்ட்ல விட்டுட்டு, முடிச்சப்புறம் பஸ்ல திரும்பக் கூட்டிட்டு போறதா ஏற்பாடு. ஈரத் துணியோட, காத்துல, வரிசைல ரொம்ப நேரம் நின்னோம், சில பேருக்கு உதடு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. தலைகீழா பண்ணணும், காலைல வண்டியை பினிஷ்ல நிறுத்த வச்சு, காஞ்ச துணியோட எல்லாரையும் பஸ்ல ஸ்டார்டுக்கு கொண்டு போனா முடிச்ச உடனே துணி மாத்திட்டு கிளம்பலாம். துணி மாத்த பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு கூடாரம், அதுவும் பத்தல. ரிசல்ட் லேட்டா வந்துச்சு, எங்க பிரிவை முதல்ல தப்பா போட்டு அப்புறம் திருத்துனாங்க, அது பரவாயில்ல.

பினிஷ்ல போட்டு கழுவ ஹோஸும் பிரஷும் வச்சிருந்தாங்க, நிறைய பேர் கண்டுக்காம போயிட்டாங்க. தயவுசெஞ்சு கழுவி காய வைங்க, ஒரு ஆத்துல இருக்குற களையும் சின்ன உயிரினமும் உங்க போட்ல ஒட்டிக்கிட்டு அடுத்த ஆத்துக்குப் போய் அங்க இருக்கறதை அழிச்சிடும். கை கால்ல வெட்டு காயம் இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் ஒட்டிட்டு இறங்குங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணில இருந்து லெப்டோஸ்பைரோசிஸ்ங்கற எலிக்காய்ச்சல் வரும், ஆத்துல இறங்கிட்டு வந்து சில நாள் கழிச்சு காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துல இறங்குனதை சொல்லணும்.

யாரு போகலாம்னு கேட்டா, நீச்சல் தெரியும், போட்டை ஒரு தடவையாவது வேணும்னே கவுத்து வெளிய வந்து பழகியிருக்கேன், ரெண்டு மணி நேரம் விடாம வலிக்க முடியும்னா தாராளமா போங்க. வாடகை போட்டுன்னா முந்தின நாளே போய் கால் மிதி இறுக்கமா இருக்கற போட்டை பாத்து நம்பர் குறிச்சு வைங்க. துடுப்பு பிடிக்கிற கை விரலுக்கு நடுவுல, குறிப்பா கட்டை விரல் உள்பக்கம், தோல் உரியும், டேப் சுத்திக்கோங்க. பழைய ஷூ போடுங்க, செருப்பு போர்ட்டேஜ்ல காலை வாரி விடும். ஒரு செட் காஞ்ச துணியை தண்ணி புகாத பைல போட்டு போட்லயே கட்டிக்கோங்க, பஸ் ஏற்பாடு மாறுற வரைக்கும் அது தான் துணை. ரேஸிங் கயாக்ல வேகம் தேடுறவங்களுக்கு இந்த தூரம் பத்தாது, அவங்க டிவைசஸ் மாதிரி பெருசா பாக்கலாம், இல்ல கனடால யூகான் ஆத்துல 715 கிலோமீட்டர் ரேஸ் இருக்கு, வழில கட்டாய ஓய்வு கொடுத்து ஓட்ட விடுறாங்க.

மைக், பஸ், கால் மிதி மூணையும் எழுதி நடத்துறவங்களுக்கு அனுப்பிட்டேன், பாத்துட்டு பதிலும் போட்டாங்க, பஸ்ஸை காலைலயே விடலாமான்னு யோசிக்கிறோம்னு. அடுத்த தடவை தம்பி கனூ தான் வேணும்ங்கறான். ஒத்தை துடுப்புல போட்டை நேரா ஓட்ட பழகணும், பின்னாடி உக்காருறவங்க தான் திருப்பிப் பிடிக்கணும்ங்கறதால அந்த சீட்டு எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், ரெஜிஸ்ட்ரேஷன் தொறந்ததும் ரெண்டு பேர் பேரையும் கொடுத்துடுவோம்.